மாத்திரை இருக்கும்போது பேச்சு எதற்கு?

கேள்வி: தற்கொலைக்கு முயன்ற என் தம்பி, மருத்துவமனை மனநல வார்டிலிருந்து போன வாரம்தான் வீடு திரும்பினான். வாரம் ஒருமுறை கவுன்சலிங் வரச் சொல்லியிருக்கிறார்கள். "மாத்திரைதான் சாப்பிடுகிறானே, பேசி என்ன ஆகப்போகிறது? பழசை ஞாபகப்படுத்தாதே" என்கிறார் அப்பா. என்ன செய்வது?
- ஓர் அக்கா, ஸ்ரீராம்புரம், பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரி, கவுன்சலிங்கை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் வீட்டில் நினைப்போம். உண்மையில், வீடு திரும்பிய முதல் மூன்று மாதங்களில்தான் ஆபத்து மிக அதிகம். வார்டில் எந்நேரமும் ஆள் இருந்தது. வீட்டிலோ பழைய பிரச்சினைகள் அப்படியே காத்திருக்கின்றன, அக்கம்பக்கத்தார் கேள்விகள் வேறு.

மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஆனால் சாகும் எண்ணம் எப்போது கிளம்புகிறது, அதற்கு முன் மனதில் என்ன ஓடுகிறது, அந்த நேரத்தை எப்படிக் கடப்பது என்பதை மாத்திரை கற்றுத்தராது. அதற்குத்தான் இந்தப் பேச்சு சிகிச்சை. தற்கொலைக்கு முயன்றவர்களுக்கு இப்படிப் பத்து அமர்வுகள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. 18 மாதங்களில் மறுபடி முயலும் வாய்ப்பு அவர்களிடம் பாதியாகக் குறைந்திருந்தது. சென்னையும் இடம்பெற்ற உலக சுகாதார நிறுவன ஆய்வு (2008) இன்னும் எளிமையானது. முயற்சிக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களிடம் ஒரு மணி நேரப் பேச்சு, அப்புறம் 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. அது கிடைத்தவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், கிடைக்காதவர்களில் 2.2. பேசி என்ன ஆகும் என்ற அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஞாபகப்படுத்திவிடுவோமோ என்ற பயமும் வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். "சாகணும்னு இப்பவும் தோணுதாடா?" என்று நீங்களே நேரடியாகக் கேளுங்கள். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வைத்து, வேளைக்கு எடுத்துக் கொடுங்கள். நெருக்கடியில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று கவுன்சலர் ஒரு தாளில் எழுதவைப்பார். அதில் ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும்.

தமிழ் பேசும் கவுன்சலர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். வேலைக்குக் கன்னடமும் ஆங்கிலமும் போதும்; மனம் உடைந்து பேச வீட்டு மொழிதான் வரும். இரவு பகல் எந்நேரமும் அரசின் மனநல உதவி சேவையான டெலி-மானஸ் 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும். "ஆமாம், தோணுது" என்று தம்பி சொன்னால் தனியே விடாதீர்கள். நேராக உங்கள் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ, பக்கத்து மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள்.

அடுத்த அமர்வுக்கு, தம்பி சம்மதித்தால், அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய பயத்தையும் கவுன்சலர் கேட்கட்டும்.