குளத்தில் பிடிபட்ட மீனை விடுவதா, சட்டிக்குக் கொண்டுபோவதா?

கனடாவில் இருக்கும் உங்கள் மச்சான் பாஸ் மீனைப் பிடித்து, படம் எடுத்து, உடனே தண்ணீரில் விட்டுவிடுகிறார். யாழ்ப்பாணத்தில் குளத்திலும் கடல்நீரேரியிலும் தூண்டில் போடுகிற நாங்களும் அப்படிச் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யத்தான் வேண்டும் என்றில்லை. எந்தத் தண்ணீர், எந்த மாதம், என்ன மீன் என்று பார்க்காமல் ஒரேயடியாக விடுவதும் சரியில்லை, ஒரேயடியாக அள்ளிக்கொண்டு வருவதும் சரியில்லை.

மச்சானின் பாஸ் வட அமெரிக்காவுக்குச் சொந்தமான மீன். வசந்த காலத்தில் ஆண் மீன் கரையோரம் கூடு அமைத்து முட்டைக்குக் காவல் நிற்கும். அந்த நேரம் அதைத் தூக்கினால் சுற்றி நிற்கிற சின்ன மீன்கள் முட்டையைத் தின்று தீர்த்துவிடும். ஒன்ராறியோவில் பல இடங்களில் ஜூன் பிற்பகுதி வரை பாஸ் பிடிக்கத் தடை இருப்பது அதனால்தான். ஆனால் அங்கேயும், தோட்டக் குட்டை போன்ற சிறு நீர்நிலையில் எல்லாவற்றையும் விட்டுக்கொண்டே இருந்தால் பாஸ் பெருகி, தீனி போதாமல், தலை பெருத்து வயிறு ஒட்டிப்போய் நிற்கும். அப்படிப்பட்ட குட்டையில் சின்னதுகளைக் கொஞ்சம் எடுத்துச் சாப்பிடச் சொல்லித்தான் அங்குள்ள மீன் வளர்ப்பு ஆட்களே சொல்கிறார்கள். மச்சானிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைகிற குளங்களில் பல, ஆடி ஆவணியில் வெடித்துக் கிடக்கும். வற்றப்போகிற குளத்தில் ஆவணி மாதம் மீனைத் திரும்ப விடுவது கொக்குக்குப் படைப்பதுதான். விரால் சேற்றில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், மற்ற மீன்களில் பலதும் தாக்குப்பிடிக்காது. அதனால் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிய குளத்தில் தாராளமாக எடுக்கலாம் என்பது என் கணக்கு. ஒரே சிக்கல், சரியாக அந்த நேரம்தான் நல்லூர்க் கந்தசாமி கோயிலில் திருவிழாக் கொடி ஏறும். இருபத்தைந்து நாளைக்கு எங்கள் வீட்டில் மச்சச் சட்டி கவிழ்ந்துவிடும். பிடித்ததைப் பக்கத்து வேதக்கார (கிறிஸ்தவ) வீட்டுக்குத்தான் கொடுப்பேன். அவர்கள் வருடா வருடம் கந்தனைக் கும்பிடாமலே அவன் அருளைப் பெறுகிறார்கள்.

திலாப்பியாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். 1950களின் தொடக்கத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது. தாய் முட்டையை வாயில் வைத்தே பொரிக்கும், அதனால் குஞ்சு நன்றாகத் தப்பும். சின்னக் குளத்தில் நெருக்கம் கூடினால் உள்ளங்கை அளவிலேயே முட்டைக்கு வந்துவிடும், பிறகு பெரிதாக வளராது. விட்டால் குளம் முழுக்கக் குட்டைத் திலாப்பியாதான் மிஞ்சும். மிளகாய்த்தூள் பிரட்டி மொறுமொறுப்பாகப் பொரித்தால் அந்தச் சின்ன அளவுதான் ருசி. உயிரோடு வாளியில் போட்டு இன்னொரு குளத்தில் விடுகிற வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

விரால்தான் யோசிக்க வேண்டிய மீன். மாரியில் புல் மூழ்கி நிற்கிற கரையோரம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பாருங்கள். தண்ணீரின் மேலே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு, மழைத்துளி விழுவது போலப் பொடிப்பொடியாகக் கொப்பளிக்கும். அது விரால் குஞ்சுக் கூட்டம். விரால் காற்றையும் சுவாசிக்கிற மீன் என்பதால் குஞ்சுகள் மூச்சு எடுக்க மேலே மேலே வரும். திட்டு மெல்ல நகரும், கலையும், திரும்பச் சேரும். அடியில் பெரிய விரால் நிற்கும். தவளை ஒன்று கிட்டப் போனால் போதும், படார் என்று ஒரு அடி. இது தெரிந்துதான் சிலர் அந்தத் திட்டுக்குள்ளேயே தவளையையோ ரப்பர்த் தவளையையோ போட்டு இழுக்கிறார்கள். பசிக்கு இல்லை, குஞ்சைக் காக்க அடிக்கிற மீன் அது, தப்பாமல் மாட்டும். பிடித்தவருக்கு ஒரு நேரக் குழம்பு. குளத்துக்கு அந்த ஈட்டுக் குஞ்சு முழுக்க நட்டம். தூண்டில்காரன் செய்கிற வேலைகளில் எனக்கு ஒத்தே வராதது இது ஒன்றுதான். குஞ்சு இல்லாத விரால் என்றால், குழம்பு வைக்கிற அளவு இருந்தால் கொண்டுவருவேன்.

கடல்நீரேரியில் பண்ணைப் பாலத்தடி, தொண்டைமானாற்றுப் பக்கம் மாட்டுகிற கொடுவாவுக்குக் கணக்கு வேறு. பாஸ் பாஸ் என்று மச்சான் சொல்வதற்கு எங்கள் பதில் கொடுவாதான், இழுவையில் பாஸ் கிட்ட நிற்காது. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில வருடம் போன பிறகுதான் பெண்ணாக மாறும். அதனால் இரண்டு முழ நீளக் கொடுவா என்றால் பெரும்பாலும் முட்டைக்காரிதான், ஒரு முறைக்கு இலட்சக்கணக்கில் முட்டை போடுவாள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் எடுக்கக்கூடாது, 120க்கு மேற்பட்டதையும் எடுக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நடுத்தரம் வீட்டுக்கு, பெரியது தண்ணீருக்கு. எனக்கு அந்தக் கணக்குப் பிடித்திருக்கிறது. பெரிய கொடுவாவை விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னால் அம்மா நம்பமாட்டார், ஒன்றும் மாட்டவில்லை என்றுதான் முடிவு கட்டுவார்.

விடுவதென்றால் ஒழுங்காக விடுங்கள். கையை நனைத்துவிட்டுப் பிடியுங்கள், காய்ந்த கை வழுவழுப்பை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விடவேண்டாம். தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை முதலே குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுகம். பங்குனி, சித்திரை மத்தியான வெயிலில் தண்ணீர் சுடும், அந்த நேரம் இழுத்துக் களைத்த மீன் நீந்திப் போவது போலப் போய்ப் பிறகு மிதக்கும். விடுகிற எண்ணம் இருந்தால் விடியப்புறம் போங்கள். முள்ளை விழுங்கி, தொண்டையால் இரத்தம் வருகிற மீன் சின்னதென்றாலும் அதை விடாதீர்கள், அது சட்டிக்குத்தான். இரத்தம் இல்லையென்றால் இழுத்துக் கிழிக்காமல் தங்கூசியை (தூண்டில் நூலை) வாயடியில் வெட்டிவிட்டு விடலாம்.

கோயில் கேணியில் தூண்டில் போடலாமா என்று அடுத்து கேட்காதீர்கள்.