நகரக் குப்பை: கொட்டுவதா, எரிப்பதா, மட்கவைப்பதா? சூழலுக்கு எதில் கேடு குறைவு?

சென்னையை வைத்தே பார்க்கலாம். இருப்பதிலேயே மோசமானது, கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல பத்தாண்டுகளாகச் செய்ததுபோல எல்லாவற்றையும் கலந்து கொட்டுவதுதான். சோறும் காய்கறித் தோலும் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். மேடு தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகை. அப்புறம் கசியும் கழிவுநீர்: பெருங்குடிக் கிடங்கு இருப்பதே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த அதே சதுப்புநிலம்தான்!)

சரி, எரித்து மின்சாரம் எடுத்தால்? இடம் மிச்சம், மீத்தேனும் இல்லை. ஆனால் நம் குப்பையில் ஏறக்குறைய பாதி ஈரக்குப்பை. பச்சை விறகை அடுப்பில் வைத்த கதைதான். நன்றாக எரிவது பிளாஸ்டிக், அதாவது பெட்ரோலியம்; எரித்தால் கரியமில வாயுதான். எரிக்கும்போது உருவாகும் டயாக்சின் என்ற நச்சைப் பிடிக்கும் வடிகட்டிகளை விடாமல் பராமரிக்க வேண்டும், நச்சுச் சாம்பலைத் தனியாகப் புதைக்க வேண்டும்.

ஈரக்குப்பையை உரமாகவோ, மூடிய கலனில் சாண எரிவாயுபோல எரிபொருளாகவோ மாற்றுவதையே நான் முதலில் வைப்பேன். ஒரே நிபந்தனை, வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும். கலந்த குப்பையில் செய்த உரத்தில் கண்ணாடித் துண்டும் கன உலோகமும் சேர்ந்துவிடும். எந்த விவசாயியும் வாங்க மாட்டார்.