நாவல் தொடரைப் படிக்காதவர் அதிலிருந்து எடுத்த சீரியல் கில்லர் படத்தைக் குறை சொல்லலாமா?

கேள்வி கேட்டவர், ஜோ நெஸ்போ எழுதிய ஹாரி ஹோல் என்ற போலீஸ் துப்பறிவாளர் நாவல் தொடரிலிருந்து எடுத்த ‘தி ஸ்னோமேன்’ படத்தைப் பார்த்திருக்கிறார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மோசமான படம் என்று சொன்னதற்கு, “ஹாரி ஹோல் நாவல்களைப் படிக்காமல் நீ எப்படிச் சொல்லலாம்?” என்று வாயை அடைத்திருக்கிறார்கள். இந்த மாதிரிப் படத்தை எதை வைத்து எடைபோடுவது என்கிறார்.

தாராளமாகச் சொல்லலாம். படம் பார்க்க வருகிறவனுக்குப் பாடத்திட்டம் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. படம் கெட்டுப்போயிருக்கிறதா என்று சொல்ல நாவல் வேண்டாம். எந்த இடத்தில் கெட்டது என்று தோண்டத்தான் நாவல் வேண்டும். நாவல் ரசிகர்கள் சண்டைக்கு வருமுன் ஒன்று: நான் நாவலுக்கு எதிரி இல்லை. நாவலைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு படத்தைக் காப்பாற்றுவதுதான் எனக்கு ஆகாது.

முதலில் பக்கக் கணக்கு. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இரண்டு மணி நேரப் படம் என்றால் 120 பக்கம். ஐந்நூறு பக்க நாவலில் எட்டுப் பேர் மேல் சந்தேகத்தைக் கிளப்பலாம்; ஆளுக்கு ஓர் அத்தியாயம், ஒரு பொய், ஓர் அலிபை (கொலை நடந்தபோது வேறிடத்தில் இருந்தேன் என்ற சாட்சி) கொடுத்தும் இடம் மிஞ்சும். படத்தில் மூன்று பேர், மிஞ்சிப்போனால் நான்கு. ஆகவே ஆட்களை வெட்டியதைக் குறை சொல்ல முடியாது. வெட்டிய ஆளிடம் இருந்த துப்பை வேறு யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று பாருங்கள். யாரிடமும் ஒப்படைக்காவிட்டால் துப்பறிபவர் திடீரென்று ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பார், அவர் எப்படி அங்கே வந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. இன்னொன்று, முகம் தெரிந்த நடிகர் ஒருவரைப் போட்டுவிட்டு முதல் ஒரு மணி நேரம் அவருக்கு வேலையே கொடுக்கவில்லை என்றால் கொலைகாரன் யார் என்று பாதிப் படத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பாத்திரம் வரும் ஒவ்வொரு காட்சியிலும் கொலைக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் கதைக்குத் தேவையான ஒரு வேலை அதற்கு இருக்க வேண்டும்.

அடுத்தது கொலைகாரனை மறைக்கும் விதம். நாவலில் இது சுலபம். பெயர் சொல்லாமல் “அவன்” என்று ஓர் அத்தியாயம் முழுக்க எழுதிவிடலாம். கேமராவுக்கு முன்னால் உயரம், நடை, கை, குரல் எல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் கையுறை, தலையை மூடிய கோட்டு, முதுகுப் பக்க ஷாட். இதெல்லாம் நியாயமான மறைப்பு. ஆனால் மூடிய உருவத்துக்கு வேறொரு ஆளை நிற்கவைத்துவிட்டு, கடைசியில் அரையடி குள்ளமான நடிகரைக் கொலைகாரன் என்று காட்டினால் அது ஏமாற்று. இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த ஷாட்களில் மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

ஒரு படம் ஏமாற்றாமலே நம்மைத் தவறான பக்கம் திருப்பலாம். 1991-ல் வந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தின் மணியடிக்கும் காட்சிதான் இதற்குப் பாடம். எஃப்.பி.ஐ. ஆட்கள் ஒரு வீட்டைச் சுற்றி வளைக்கிறார்கள். பூ கொண்டுவந்தவர் வேடத்தில் ஒருவர் மணியை அழுத்துகிறார். கொலைகாரனின் நிலவறையில் மணி அடிக்கிறது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. அவன் கதவைத் திறந்தால் வாசலில் நிற்பது கதாநாயகி கிளாரிஸ், எஃப்.பி.ஐ. பயிற்சி மாணவி, தனியாக. படை சூழ்ந்த வீடு இல்லினாயில், காலி வீடு. இவள் நிற்பது வேறு மாநிலமான ஒஹாயோவில். எந்த ஷாட்டிலும் பொய் இல்லை. இரண்டு மணியும் ஒரே மணி என்று முடிச்சுப் போட்டது நாம். திரும்பிப் போய்ப் பார்த்தால் எல்லா ஷாட்டும் சரியாக இருக்கும். நம் ஊகம் மட்டும் தவறியிருக்கும்.

அந்தப் படம் எடுக்கப்பட்டது ஒரு தொடரின் இரண்டாவது நாவலிலிருந்து என்பதும் கவனிக்க வேண்டியது. முதல் நாவலில் (1981) நடந்தது எதுவும் தெரியாமலே படம் புரியும். கிளாரிஸ் துப்புக் கேட்டுப் போகும், சிறையில் இருக்கும் கொலைகார மனநல மருத்துவர் லெக்டர் எவ்வளவு பயங்கரமானவர் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்கிறோம், உண்மைதான். ஆனால் அதோடு விடவில்லை. கண்ணாடித் தடுப்பின் காற்றுத் துளை வழியாக மோந்து பார்த்து, கிளாரிஸ் பூசும் க்ரீம் எது, எப்போதாவது போடும் சென்ட் எது, இன்று அதைப் போடவில்லை என்பது வரை சொல்கிறார். அரை நிமிடம் போதும். ‘ஸ்னோமேன்’ ஏழாவது நாவல். ஹாரி ஹோல் 1997-லிருந்து குடித்து, விழுந்து, எழுந்து, காதலியை இழந்து வந்த ஆள். வாசகர் மனதில் ஆறு புத்தகச் சுமை இருக்கிறது. படத்தில் அவர் பெரிய ஆள், அவருடைய வழக்குகளைப் பாடமாகப் படிக்கிறார்கள் என்று வசனம் வருகிறது. சரி, முதல் அரை மணி நேரத்தில் மற்றவர்களுக்குத் தெரியாத எதையாவது அவர் கண்டுபிடித்தாரா? தொடர் நாவல் படங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பாதி இங்கேயே விழும்.

துப்பறிதலைக் கண்ணால் காட்டுவதற்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’. 1966-ல் காணாமல் போன பெண், ஊர்வலம் பார்த்துக்கொண்டு நிற்கும் பழைய புகைப்பட வரிசை. பத்திரிகையாளர் அதை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி ஓட்டும்போது அவள் முகம் மாறுவது தெரிகிறது. எதையோ பார்த்துவிட்டாள். எதை? அவளுக்குப் பின்னால் வேறொரு பெண் கையில் கேமராவோடு நிற்கிறாள். அவள் எடுத்த படம் கிடைத்தால் இவள் பார்த்தது கிடைக்கும். விளக்க வசனமே வேண்டாம். அவர் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம், அவருக்குத் தோன்றும் அதே நொடியில் நமக்கும் தோன்றுகிறது. இந்த நாவலை 2011-ல் படமாக்கிய இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர், அதன் பிற்பகுதியில் வரும் ஆஸ்திரேலியப் பயணத்தைத் தூக்கிவிட்டு லண்டனில் முடித்தார். அதே நாவலின் 2009 ஸ்வீடிஷ் படம் ஆஸ்திரேலியாவை வைத்துக்கொண்டது. நாவலுக்கு உண்மையாக இருந்தது ஸ்வீடிஷ் படம் என்று வாதாடுவார்கள். இருக்கட்டும். துப்புச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறுபடாமல் ஒரு பயணம் மிச்சமானால் அது நல்ல வெட்டு, அவ்வளவுதான்.

சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் ‘ஸ்னோமேன்’. படப்பிடிப்புக்கு நேரம் போதவில்லை, திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் எடுக்கப்படவே இல்லை என்று இயக்குநர் தாமஸ் ஆல்ஃபிரட்சனே வெளிப்படையாகச் சொன்னார். 120 பக்கம் என்று வைத்துக்கொண்டால் 12 முதல் 18 பக்கம். குடும்பக் கதையில் பதினைந்து பக்கம் போனால் கொஞ்சம் உணர்ச்சி குறையும். மர்மக் கதையில் பதினைந்து பக்கம் போனால் விடைத்தாளில் நடு வரிகள் போய்விட்டன என்று அர்த்தம். எடிட்டிங்கில் தெல்மா ஷூன்மேக்கர் இருந்தார், மூன்று ஆஸ்கர் வாங்கியவர். எடுக்காத ஷாட்டை அவராலும் வெட்டி ஒட்ட முடியாது.

இந்தச் செய்தி தெரியாமலே ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பாத்திரம் முதுகைக் காட்டி நிற்கும்போது முக்கியமான தகவல் வசனமாக வந்தால், அது பெரும்பாலும் பிறகு டப்பிங்கில் செருகியது. ஒரு பெயர் ஒருமுறை மட்டும் வந்து மறைந்தால் அந்த ஆளின் காட்சி போய்விட்டது. ஒரு பொருளுக்கு க்ளோசப் வைத்துவிட்டுத் திரும்ப வரவே இல்லையென்றால் அதன் மறுபாதி வெட்டுப்பட்டது. இந்தப் படத்தில் நடிகர் வால் கில்மருக்கு வேறு குரல் கொடுத்திருப்பது உதட்டைப் பார்த்தாலே தெரியும். போஸ்டரில் கொலைகாரன் போலீஸுக்கு, எல்லா க்ளூவும் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தான். நமக்குத்தான் யாரும் கொடுக்கவில்லை.

பிறகு அந்தப் பனிப்பொம்மை. நாவலில் அது வீட்டைப் பார்த்தபடி நிற்கும். யாரோ வெளியிலிருந்து உள்ளே கவனிக்கிறார்கள் என்ற பயம் அதிலிருந்துதான் வருகிறது. படத்தில் அது கொலைகாரனின் கையெழுத்து மட்டும். அழகாக இருக்கிறது, பயம் இல்லை. கொலைகாரனின் அடையாளம் எதுவானாலும், அதை எடுத்துவிட்டால் விசாரணையில் ஏதாவது மாறுகிறதா என்று கேளுங்கள். பிணத்தைக் காட்டும் ஷாட்டுக்கும் இதே கேள்விதான். உச்சக்கட்டத்தில் கொலைகாரன் கத்தியைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் காரணம் விளக்கினால், அந்த மூன்று நிமிடமும் முன்பே விதைக்காமல் விட்ட துப்புகளின் கடன்.

இடையில் சம்பந்தமில்லாத ஒரு வயிற்றெரிச்சல். தமிழ் வசன வரிகள், அதாவது சப்டைட்டில். ஆங்கிலத்தில் “கில்லர்” என்று பால் தெரியாமல் ஓட்டிவிடலாம். தமிழில் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும்: வந்தான், வந்தாள். கொலையாளி பெண்ணாகவும் இருக்கலாம் என்று படம் ஒரு மணி நேரம் பாடுபட்டுக் கட்டிவைத்ததை, மொழிபெயர்த்தவர் பத்தாவது நிமிடத்தில் “தலையை வெட்டினான்” என்று போட்டு உடைத்துவிடுவார். “வெட்டினார்” என்று கொலைகாரனுக்கு மரியாதை கொடுக்கவும் முடியாது. வழி இல்லாமல் இல்லை: “தலை வெட்டப்பட்டிருக்கிறது”, “கொலை நடந்தது நள்ளிரவில்” என்று வாக்கியத்தைத் திருப்பிப் போடலாம். படத்தின் முடிவு தெரிந்த ஒருவர் ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும். கதை தெரியாதவரிடம் வரிகளை மட்டும் துண்டு துண்டாகக் கொடுத்து வாங்கினால் இப்படித்தான். படம் சொதப்பல் என்று தீர்ப்புச் சொல்லுமுன் சொதப்பியது வசன வரியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

“இப்படிக் கணக்குப் பார்த்தால் படத்தை எப்படி ரசிப்பது?” என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் வருவார். முதல் தடவை ரசியுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? கணக்கு இரண்டாம் தடவைக்கு. நாவல் வாசகர்களின் கோபத்தில் ஒன்று மட்டும் நியாயமானது, அதையும் சொல்லிவிடுகிறேன்: தொடரின் பிந்தைய நாவல்களிலும் வரும் ஒரு முக்கியப் பாத்திரத்தை இந்தப் படம் கொன்றுவிடுகிறது. அடுத்த படம் எடுக்க நினைத்திருந்தாலும் கதவு அப்போதே பாதி அடைபட்டுவிட்டது. ஆனால் அது தொடருக்கு நேர்ந்த நஷ்டம். உங்களுக்குப் படம் புரியாததற்கு அது காரணம் இல்லை.

ஹாரி ஹோல் நாவல்களைப் படித்துத்தான் பார்ப்போமே என்று தோன்றினால் ஏழாவதில் கை வைக்காதீர்கள். முதல் இரண்டும் சிட்னியிலும் பாங்காக்கிலும் நடப்பவை, பிறகு படித்துக்கொள்ளலாம். மூன்றாவதான ‘தி ரெட்பிரெஸ்ட்’ நாவலில் தொடங்குங்கள். அதில் ஆரம்பிக்கும் ஒரு முடிச்சு ஐந்தாவதில்தான் அவிழும்.