பதில்: ஒரே கடைக்கு எட்டும் நான்கும் எப்படி?

இலங்கை மலையகத்தில் நம் ஹட்டனில், ஒரே கடையின் கொத்து ரொட்டிக்கு (ரொட்டியைச் சூடான தகட்டில் போட்டுக் கொத்திச் செய்வது) முதலில் பத்துக்கு எட்டும், அடுத்த முறை நான்கும் போட்டுவிட்டு, கோளாறு உங்கள் நாக்கில்தானோ என்று கேட்டிருந்தீர்கள். நாக்கு சரியாகத்தான் இருக்கிறது. எட்டு போட்டது இரவு ஏழு மணிக்கு, நான்கு போட்டது பகல் இரண்டு மணிக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே!

கொத்து பொழுதுபட்ட பிறகு சாப்பிட வேண்டியது. அப்போதுதான் தகடு நன்றாகக் காய்ந்திருக்கும், ரொட்டியும் தேங்காமல் விற்றுக்கொண்டே இருக்கும். மதிப்பெண் போடும்போது ரொட்டித் துண்டின் விளிம்பைப் பாருங்கள். லேசாக முறுகி, நடு மெத்தென்று இருக்க வேண்டும். குழம்பைத் தகட்டிலேயே ஊற்றிக் கொத்தினால் உள்ளே இறங்கும். கோப்பையில் தனியாகத் தந்தால், நம் குளிருக்கு நீங்கள் ஊற்றுவதற்குள் பாதி ஆறிவிடும். நான் அதற்கே ஒரு மதிப்பெண் குறைப்பேன்.

பகலில் சோறும் கறியும்தான் கேட்க வேண்டும். இறைச்சியை விடுங்கள், பருப்பையும் சம்பலையும் வைத்தே சமையல்காரரை எடைபோடலாம். கேட்காமலே மேசைக்கு வரும் ரோல்ஸ், வடைத் தட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. ஆனால் எப்போது பொரித்தது என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், யாத்திரிகர்கள் ஹட்டன் வழியாகப் போகும் சிவனொளிபாதமலைப் பருவத்தில், அதாவது டிசம்பர் போயா என்கிற பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை, வார இறுதியில் போய் யாருக்கும் மதிப்பெண் போடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் எந்தக் கடையும் தடுமாறும். செவ்வாய், புதன் போல ஒரு நாளில், இரவு ஏழு மணிக்கே இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.