டாப் ஷீட் மாறினால் யார் பொறுப்பு? முதல்முறை ஹால் டியூட்டிக்குப் போகும் ஆசிரியைக்கு

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராக ஆணை வந்திருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். டாப் ஷீட் (விடைத்தாளின் முகப்புச் சீட்டு) மாறிப்போனால் மெமோ நிச்சயம் என்கிறார் ஒருவர். பிட் அகப்பட்டால் கிழித்துப் போட்டுவிடு, எழுதிக் கொடுத்தால் நீதான் அலையணும் என்கிறார் இன்னொருவர். அறைக்குள் நான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது? இன்னொன்று, என் அக்கா மகளும் இந்த ஆண்டு பத்தாவது எழுதுகிறாள். எனக்கு ஒதுக்கிய மையத்திலேயே அவளுக்கும் நம்பர் விழுந்திருக்கிறது. இதைச் சொல்லியாக வேண்டுமா?

பதில்: முதலில் மெமோ பயத்தை ஓரமாக வையுங்கள் அம்மா. தலைமையாசிரியராக இருந்தபோது பல ஆண்டுகள் முதன்மைக் கண்காணிப்பாளராகவும் துறை அலுவலராகவும் தேர்வு மையங்களில் இருந்திருக்கிறேன். அறைப் பணி தொடர்பாக விளக்கம் கேட்கப்பட்ட ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் மாட்டியது தவறு நடந்ததற்காக அல்ல. நடந்ததை மேலே சொல்லாமல் தாங்களே சரிக்கட்டப் பார்த்ததற்காகத்தான். அறைக்குள் எது கோணலாகப் போனாலும் அந்த நிமிடமே முதன்மைக் கண்காணிப்பாளருக்குச் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் அங்கே முடிவெடுக்கப் போகவில்லை. 20 பிள்ளைகள் எழுதியது எழுதியபடியே அவரவர் பெயரில் திருத்தும் முகாமுக்குப் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். காப்பியடிப்பவரைப் பிடிப்பது அதற்கு அடுத்த வேலை.

யார் யாருக்கு என்ன பொறுப்பு என்பது தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். தேர்வை நடத்துவது சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். மாவட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர். மையத்துக்குள் எல்லாப் பொறுப்பும் முதன்மைக் கண்காணிப்பாளருக்கு. அவருக்குத் துணையாகவும் சாட்சியாகவும் துறை அலுவலர் இருப்பார். வினாத்தாள் கட்டுகள் போலீஸ் காவலில் கட்டுக்காப்பு மையத்தில் இருக்கும். அன்றன்று காலையில் வழித்தட அலுவலர் மையத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைப்பார். பறக்கும் படை எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால் பதற வேண்டியதில்லை, அவர்கள் வேலையை அவர்கள் செய்யட்டும். நீங்கள் பிள்ளைகளின் மேலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

எந்த அறை என்பது அன்று காலையில் குலுக்கலில்தான் தெரியும். நேற்றுப் பார்த்த அறை இன்று கிடைக்காது. அன்றைய பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு அன்று அறைப் பணி தரக் கூடாது. தப்பித் தவறி உங்கள் பாடத் தேர்வன்று உங்கள் பெயர் குலுக்கலில் இருந்தால் நீங்களே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருங்கள். செல்போன் அறைக்குள் போகவே கூடாது, அணைத்து வைத்தாலும்கூட. ‘வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு போன் வரும்’ என்பதெல்லாம் அங்கே செல்லாது. அவசரத்துக்கு மைய அலுவலக எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இப்போது நீங்கள் பயப்படும் டாப் ஷீட்டுக்கு வருகிறேன். நாளின் மற்ற மூன்று மணி நேரத்தைவிட 10 மணி முதல் 10.15 வரையிலான அந்தக் கால்மணி நேரத்துக்குத்தான் உங்கள் முழுக் கவனமும் வேண்டும்.

வினாத்தாள் உறை பிரிக்கப்படாமல் உங்கள் கைக்கு வரும். பாடத்தின் பெயர், தேதி, தாள்களின் எண்ணிக்கை மூன்றையும் உறையின் மேலேயே படித்துப் பாருங்கள். பிள்ளைகளிடம் உறையைக் காட்டி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு பிரியுங்கள். 10 மணிக்கு வினாத்தாள். அடுத்த பத்து நிமிடம் அவர்கள் வாசிப்பதற்கு. அந்த நேரத்தில் யாரும் பேனா எடுக்கக் கூடாது. பக்கம் விடுபட்டிருக்கிறதா, அச்சு மங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 10.10க்கு விடைத்தாள். 10.15க்கு மணி அடித்ததும் எழுதத் தொடங்கலாம். முடிவது 1.15க்கு.

10.10 முதல் 10.15 வரை ஐந்தே நிமிடம். 2014 வாக்கில் டாப் ஷீட் முறை வருவதற்கு முன்பு பிள்ளைகளே பதிவெண்ணை எழுதுவார்கள், எண் தப்பாகி ஆயிரம் குழப்பம் வரும். இப்போது பெயர், பதிவெண், பாடம், தேதி, புகைப்படம், பார்கோடு எல்லாம் அச்சிட்ட முகப்புச் சீட்டே வந்துவிடுகிறது. அதை விடைத்தாளோடு தையல் இயந்திரத்தில் தைத்து, அறைவாரியாகப் பதிவெண் வரிசையில் அடுக்கி உங்களிடம் தருவார்கள். ஆக, தவறு நடக்க ஒரே ஒரு இடம்தான் பாக்கி: நீங்கள் விநியோகிக்கும் இடம். வராத பிள்ளையின் தாள் நடுவில் இருப்பதைக் கவனிக்காமல் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனால், அங்கிருந்து கடைசி பெஞ்சு வரை ஒவ்வொருவருக்கும் முன்னவரின் தாள் போய்விடும்.

எனவே கட்டாக எடுத்துக்கொண்டு நடக்காதீர்கள். முதலில் வராதவர்களின் தாளைப் பிரித்துத் தனியே மேசைமேல் வையுங்கள். பிறகு ஒவ்வொரு பெஞ்சிலும் நின்று, ஹால் டிக்கெட்டைப் பார்த்து, டாப் ஷீட் புகைப்படத்தைப் பார்த்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அதன் பிறகு தாளைக் கையில் கொடுங்கள். இரட்டைப் பிள்ளைகள் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருப்பார்கள். இனிஷியலும் பெயரும் ஒன்றாகவே இருக்கும் இருவர் அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள். அவர்களிடம் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை அதற்கான இடத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, சரிபார்த்துவிட்டு நீங்கள் போடுங்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று முன்கூட்டியே இருபதிலும் கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். யார் முகத்தையும் பார்க்காமலே ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கொடுப்பது அது.

அப்படியும் மாறிவிட்டால்? எழுதத் தொடங்கிய பிறகே தெரியவந்தால்? பிள்ளையைத் திட்டாதீர்கள். பெயரை அடித்துத் திருத்தாதீர்கள். தையலைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். அறை வாசலிலுள்ள பணியாளர் மூலம் முதன்மைக் கண்காணிப்பாளரை வரவழையுங்கள். அவரும் துறை அலுவலரும் வந்து பார்த்து, என்ன செய்வது என்று முடிவெடுத்து, பதிவு செய்வார்கள். பிள்ளைக்கு வீணான நேரத்தையும் அவர்களிடமே சொல்லுங்கள். புகைப்படம் மாறியிருந்தாலும், பாடம் தவறாக அச்சாகியிருந்தாலும் இதே வழிதான். பொறுப்பு யாருடையது என்று கேட்டீர்கள். உங்கள் கையெழுத்து இருக்கும் தாளுக்கு நீங்கள் பொறுப்பு. ஆனால் பத்தாவது நிமிடத்தில் சொல்லப்பட்ட தவறு சரிசெய்யப்படும். முடிவு வந்த பிறகு வேறொருவர் மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு பிள்ளை அழும்போது கண்டுபிடிக்கப்படும் தவறுக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம்.

விடைத்தாளில் நீலமோ கறுப்போ ஒரே மையில் எழுதச் சொல்லுங்கள். உள்ளே எந்தப் பக்கத்திலும் பெயர், பதிவெண், சாமி பெயர், பிள்ளையார் சுழி எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். திருத்துபவர் கைக்குப் போகும்போது அது யாருடைய தாள் என்பது தெரியக் கூடாது, அதற்காகத்தான் பார்கோடே. ஒரு மதிப்பெண் கேள்விக்கு அ, ஆ என்று குறியீட்டை மட்டும் எழுதாமல் விடையையும் சேர்த்து எழுதும்படி வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கும். அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டுவதில் தவறில்லை.

ஆனால் அந்த ஒரு மதிப்பெண் விடைகளைச் சொல்லிக் கொடுப்பது பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். ‘பாவம், பத்து மார்க் வந்தால் பாஸாயிடுவான்’ என்று யாராவது உங்கள் காதில் போடுவார்கள். தேர்ச்சி சதவீதத்துக்காகப் பள்ளிகள்மீது இருக்கும் அழுத்தம் எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் நீங்கள் ஒரு பிள்ளைக்குச் சொல்லும் விடை, பக்கத்து அறையில் யாரும் சொல்லாமல் தானாக எழுதும் பிள்ளையிடமிருந்து எடுத்துக் கொடுப்பது. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதும், பாலிடெக்னிக்கில் எந்தக் கிளை என்பதும் இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான். இது உறுதியானால் அந்தப் பிள்ளையும் மாட்டும், உங்கள் மேலும் துறை நடவடிக்கை வரும். இதில் நான் இரக்கத்துக்கு இடம் தர மாட்டேன்.

பிட் விஷயம். கிழித்துப் போடச் சொன்னவர் உங்களுக்கு நல்லது சொல்லவில்லை. தேர்வு தொடங்கும் முன்பே ‘யாரிடம் என்ன இருந்தாலும் இப்போதே வெளியே வைத்துவிடுங்கள், ஒன்றும் சொல்ல மாட்டேன்’ என்று ஒருமுறை தன்மையாகச் சொல்லுங்கள். ஜியாமெட்ரி பாக்ஸின் அடித்தட்டு, ஹால் டிக்கெட்டின் பின்புறம், ஸ்கேல், உள்ளங்கை இவற்றைப் பாருங்கள். மாணவிகளைப் பெண் ஆசிரியர்தான் சோதிக்கலாம். உண்மையில் பாதிப் பிட்டுகள் இந்த ஒரு வார்த்தையிலேயே ஜன்னலோரம் வந்துவிடும். அதன் பிறகும் எழுதும்போது அகப்பட்டால், தாளையும் பிட்டையும் அப்படியே எடுத்து வைத்து, முதன்மைக் கண்காணிப்பாளருக்குச் சொல்லி அனுப்புங்கள். எத்தனை மணிக்கு, எந்த வினாவை எழுதும்போது, பிட் எங்கே இருந்தது என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘பார்த்து எழுதியிருப்பான் போல’ என்று அனுமானம் எழுதாதீர்கள். வைத்திருந்ததும் பார்த்து எழுதியதும் வேறு வேறு குற்றம், தண்டனையும் வேறு. பிள்ளையிடமும் எழுத்துமூலம் விளக்கம் வாங்குவார்கள். தர மறுத்தால் மறுத்ததையே பதிவு செய்வார்கள். அந்தப் பாடத்தை மட்டும் ரத்து செய்வதா, எல்லாப் பாடத்தையுமா, அடுத்த பருவங்களுக்கும் தடையா என்பதை இயக்ககம் முடிவு செய்யும். அது உங்கள் கையிலும் இல்லை, மையத்தின் கையிலும் இல்லை.

2024இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த வினாத்தாள் கசிவுத் தடுப்புச் சட்டத்தைச் சொல்லி, ஒரு கோடி அபராதம் என்று பிள்ளைகளை மிரட்டுவதையும் கேள்விப்பட்டேன். அந்தச் சட்டம் மத்தியத் தேர்வாணையங்கள், தேசியத் தேர்வு முகமை போன்றவை நடத்தும் தேர்வுகளுக்கு உரியது. மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பொருந்தாது. இல்லாததைச் சொல்லிப் பதினைந்து வயதுப் பிள்ளையை நடுங்க வைக்காதீர்கள். பிடிபட்ட பிள்ளையைத் தனியே விடவும் கூடாது, பெற்றோர் வரும்வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும். துணைத்தேர்வு, மறுவாய்ப்பு பற்றி விசாரிக்கக் கல்வி உதவி எண் 14417. மனம் ஒடிந்து பேசினால் 104.

இன்னொரு விஷயத்தைப் புதிதாக வருபவர்கள் கவனிப்பதில்லை. ஒரு மணிக்கு மேல் சில பிள்ளைகள் தாங்கள் எழுதியதையெல்லாம் குறுக்கே கோடு போட்டு அடிப்பார்கள். தேர்ச்சி பெற்றுவிட்டால் அதே பாடத்தை மறுபடி எழுத முடியாது, ஃபெயிலானால் துணைத்தேர்வில் நல்ல மார்க் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்த கணக்கு. இது ஒழுங்கீனமாகக் கருதப்படும். முடிவு நிறுத்தி வைக்கப்படும், அடுத்த இரு பருவங்களுக்குத் தேர்வெழுத முடியாது. ஹால் டிக்கெட் தரும்போதே பள்ளியில் சொல்லியிருப்பார்கள், ஆனால் பதற்றத்தில் யாருக்கு நினைவிருக்கும்? நீங்கள் ஆரம்பத்திலேயே ஒருமுறை சொல்லிவிடுங்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பேனா வேகமாகக் குறுக்கே ஓடும் சத்தம் கேட்டால் அந்தப் பெஞ்சுக்குப் போய் நில்லுங்கள். பெரும்பாலும் நீங்கள் போய் நின்றாலே போதும்.

1.10க்கு எச்சரிக்கை மணி. சமூக அறிவியலில் மேப்பையும், கணக்கில் கிராஃப் தாளையும் விடைத்தாளோடு கட்டச் சொல்லுங்கள். முடிச்சை நீங்களும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், எங்கோ உதிர்ந்த மேப்புக்கு யாரும் மார்க் போட முடியாது. மணி அடித்ததும் பிள்ளைகளை எழுந்து வரச் சொல்லாமல் நீங்களே இடத்துக்குப் போய் வாங்குங்கள். பதிவெண் வரிசையில் அடுக்கி, எண்ணி, வருகைப் பட்டியலோடு ஒப்பிட்டு, எண்ணிக்கை சரியான பிறகு கதவைத் திறந்து விடுங்கள். பதினெட்டு தாள் இருக்க வேண்டிய இடத்தில் பதினேழு இருந்து, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தால் அன்றைய நாள் எல்லோருக்கும் நரகம். ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கும்வரை மையத்தைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

கடைசியாக உங்கள் அக்கா மகள். கட்டாயம் சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில், தேர்வு தொடங்கும் முன்பே. அவள் அறைக்கு நான் போக மாட்டேனே என்று நினைக்காதீர்கள், குலுக்கலில் எந்த அறையும் விழலாம். நெருங்கிய உறவினர் எழுதும் மையத்தில் நீங்கள் இருப்பதே நாளைக்கு யாராவது புகார் போடக் காரணமாகும். அந்தப் புகார் உங்களைவிட அவளைத்தான் முதலில் பாதிக்கும். இன்றே உங்கள் தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு, உறவுமுறை, அவள் பதிவெண், மையத்தின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டு, வேறு மையம் ஒதுக்கும்படி நாலு வரியில் விண்ணப்பம் கொடுங்கள். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்று ஆணை கைக்கு வரும்வரை விசாரித்துக்கொண்டே இருங்கள்.