அக்கினி நட்சத்திரத்தில் உடன்குடிப் பக்கம் போங்கள்

கேள்வி: மே மாத விடுமுறையில் பழைய நண்பர்கள் ஐந்தாறு பேர் எங்காவது சேர்ந்து நன்றாகச் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்க ஆசை. ஊட்டி, கொடைக்கானல் தவிர வேறு இடம் உண்டா?

உண்டு. கேட்டால் திட்டுவீர்கள், பரவாயில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், உடன்குடி, மணப்பாடு வட்டாரம். கத்திரி வெயிலில் அங்கேயா என்றுதான் எங்கள் கூட்டத்திலும் முதலில் கேட்டார்கள். இப்போது மே வந்தால் வேறு பேச்சே கிடையாது.

மே மாதத்தில் மலைக்குப் போனால் இ-பாஸ் எடுத்து, கொண்டை ஊசி வளைவில் வண்டிக்குள் பாதி நாளைத் தொலைத்து, மேலே போய்ச் சாப்பிடுவது நம் தெருமுனையில் கிடைக்கிற அதே ஃபிரைடு ரைஸ். வெயிலுக்கென்றே உண்டான சாப்பாடு வெயில் காய்கிற ஊரில்தான் இருக்கிறது. அதில் முதலாவது பதநீர். அந்தப் பக்கத்தில் பதனி என்பார்கள்.

பதனிக்கு அதிகாலையிலேயே எழுந்து தோப்புக்குப் போய்விட வேண்டும். பனையேறி பாளையைச் சீவிக் கட்டிவைத்த கலயத்தை இறக்கிக்கொண்டு வருவார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருக்கும். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், அதற்கு நம் மாநிலத்தில் தடை. ஆக ஒழுக்கத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். பச்சைப் பனை ஓலையை மடித்துப் பட்டை பிடித்துத் தருவார்கள், இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். ஓலை வாசமும் லேசான சுண்ணாம்புக் காரமும் சேர்ந்தால்தான் அது பதனி. டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு ‘வெறும் சர்க்கரைத் தண்ணிடா’ என்றவனைப் பட்டையில் குடிக்க வைத்தோம். அவன் மறுபடி மறுபடி நீட்டிக்கொண்டே இருந்தான். அதிலேயே நுங்கைப் பிதுக்கிப் போட்டுக் குடிப்பது அடுத்த கட்டம். நெடுஞ்சாலை ஓரத்தில் பானை வைத்து மதியம் விற்பதை மட்டும் நம்பாதீர்கள். வெயில் ஏற ஏற நல்ல பதனியே புளிக்கத் தொடங்கிவிடும், இவர்களுடையது மட்டும் சாயங்காலம் வரை இனிக்கிறது என்றால் யோசிக்க வேண்டாமா?

நுங்கில் இளசு பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். கட்டைவிரல் சுலபமாக உள்ளே இறங்கினால் சரி. நாங்கள் தங்கியது கூட்டத்தில் ஒருவனுடைய ஆச்சி வீட்டில். முற்றியதை ஒருத்தன் கரண்டியால் தோண்டப் போக, திண்ணையிலிருந்தே ஆச்சி அதட்டினார்: “ஏல, அது கடுக்காயில்லா, வயித்த வலிக்கும், கீழ போடு!” சென்னையில் முப்பது பேருக்கு மேலதிகாரியாக இருக்கிறவன் மறுபேச்சில்லாமல் கீழே போட்டான்.

அடுத்து மீன். இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று. அதனால் மே மாதத்தில் மீன் வரத்து குறைவு, விலையும் கூடுதல். ஆனால் நாட்டுப்படகுகள் போய்வரும். அவர்கள் கரையோரத்தில் பிடித்து அன்றைக்கே கொண்டுவருவதுதான் கிடைக்கும் என்பதால், ஐஸில் நாள்கணக்காகக் கிடந்த மீன் உங்கள் தலையில் விழும் வாய்ப்பு குறைவு. இன்ன மீன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் விளமீனோ ஊளியோ சாளையோ வந்ததை வாங்குங்கள். தேங்காய் அரைத்து, மாங்காய்க் கீற்று போட்டுக் கொதிக்கவிட்டால் எந்த மீனும் தேறிவிடும். மாங்காய் மலிந்து கிடக்கிற மாதம் வேறு. கழுவி வெட்டுகிற வேலையை யார் தலையில் கட்டுவது என்பதில் வரும் சண்டைதான் இந்தப் பயணத்தின் பாதிச் சுகம், அதைக் கடைக்காரரிடம் காசு கொடுத்து முடித்துவிடாதீர்கள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் நாலு மணி வரை எங்கும் நகரக் கூடாது. ஏசி அறையும் வேண்டாம் என்பது என் கட்சி. ஏசி போட்டால் ஆளுக்கொரு கட்டிலில் ஆளுக்கொரு போன் என்று ஆகிவிடுகிறது. ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் தண்ணீர் தெளித்து, வெறும் தரையில் தலைகாணியைப் போட்டால் தூக்கமும் வராது, எழுந்து போகவும் முடியாது. பேசித்தான் ஆக வேண்டும். கல்லூரியில் யார் யாருக்குக் கடிதம் எழுதினான் என்ற வழக்கெல்லாம் அந்த நேரத்தில்தான் தீர்ப்புக்கு வரும்.

சாயங்காலம் பால் சேர்க்காத கருப்பட்டிக் காபி. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, விசாரித்து நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மணப்பாடு. கடலுக்குள் நீண்டு நிற்கிற மணல் குன்றில் தேவாலயம், பக்கத்தில் கடல், அடிக்கிற காற்றில் பகல் பட்ட பாடு மறந்துபோகும். ராத்திரிக்கு பரோட்டாக் கடை. இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, முங்க முங்கச் சால்னா ஊற்றி, ஊறும் வரை கை வைக்காமல் பொறுத்திருக்க வேண்டும். எங்களில் பொறுத்தவன் எவனும் இல்லை. கூடவே பிச்சுப்போட்ட கோழி சொல்லுங்கள்.

குழந்தைகளையும் கூட்டிப்போகலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. வெட்டிப் போட்ட நுங்குக் கூந்தல், அதாவது நுங்கு எடுத்த காலிக் காய், இரண்டும் ஒரு கவட்டைக் குச்சியும் கிடைத்தால் வண்டி செய்து நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களுக்குத்தான் முன்னேற்பாடு தேவை. வயிறு லேசாக இருக்க ஒரு வேளை பழைய சோறும் சின்ன வெங்காயமும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டாம் நாளே மோர் மட்டும் குடித்துக்கொண்டு மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டி வரும்.

சென்னையிலிருந்து என்றால் திருச்செந்தூருக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ், தூத்துக்குடிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். மே மாதத்துக்கு அன்றைக்குக் காலையிலேயே போட்டுவிடுங்கள், எல்லாரும் சம்மதம் சொல்லட்டும் என்று காத்திருந்தால் டிக்கெட் இருக்காது.