லூபஸ் இருக்கும் 29 வயதுப் பெண்ணுக்கு நினைவாற்றல் குறையுமா? இது டிமென்ஷியாவின் தொடக்கமா?

மூன்று ஆண்டுகளாக லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), பேச்சின் நடுவே வார்த்தை கிடைப்பதில்லை, மருத்துவர் மன அழுத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார், அடுத்த மாதம் மறுபடி பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலும், அதனால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள்.

குறையலாம். அது உங்கள் கற்பனை இல்லை. டிமென்ஷியா என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

நான் மருத்துவர் இல்லை. 2013இல், முப்பது வயதில், எனக்கு லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். தொழில், ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துவது. "எல்லோருக்கும்தான் மறதி இருக்கிறது, எனக்கும் சாவியை வைத்த இடம் தெரியவில்லை" என்று கீழே எழுத நினைப்பவர்கள் இதை முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

2017இல் ஒரு சரித்திர நாவலின் மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. அச்சாகி முதல் பிரதி கையில் கிடைத்த அன்றே எழுத்தாளர் தொலைபேசியில் அழைத்தார். 112ஆம் பக்கத்தில் ஒரு வாக்கியம் அரசியில் தொடங்கி, ஆறு வரி நீண்டு, "வந்தான்" என்று முடிந்திருந்தது. தட்டச்சில் நேர்ந்த பிழைதான். அதைப் பிடிப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம். எப்படித் தப்பியது என்று பார்க்க அந்த வாக்கியத்தை மறுபடி படித்தேன். நான்காவது வரியில் "வந்தது யார்?" என்ற கேள்வி எழுந்தது. மேலே போய் அரசியைப் பார்த்துவிட்டு இறங்கினேன். கடைசி வரிக்கு வருவதற்குள் அரசி மீண்டும் நழுவிவிட்டாள். மூன்றாம் முறை இடது கை விரலை "அரசி"யின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு படித்தேன். அப்போதுதான் "வந்தான்" தவறு என்பது கண்ணில் பட்டது.

தமிழில் பயனிலை கடைசியில் வருகிறது. அதுவரை எழுவாயை மனம் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். என் மனம் அதைக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் எனக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த குறள் எல்லாம் அப்படியே இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் கேட்ட பக்க எண் மட்டும் இருக்காது. லூபஸில் பெரும்பாலும் அடிபடுவது இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்: கவனம், யோசிக்கும் வேகம், ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்யும் திறன். பழைய கல்வி அவ்வளவாகக் கலைவதில்லை. அதனால்தான் பக்கத்தில் இருப்பவர்கள் நம்புவதில்லை. "இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாயே, உனக்கென்ன?" என்பார்கள்.

நானும் எட்டு மாதம் மருத்துவரிடம் சொல்லவில்லை. அவர் மூட்டு வலியைக் கேட்பார், முகத்துச் சிவப்பைப் பார்ப்பார், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பார். கேட்காததைச் சொல்ல எனக்குத் தயக்கம். ஒரே ஒரு முறை "மறதி அதிகமாக இருக்கிறது" என்றேன். "தூக்கம் சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றதும் பேச்சு அங்கேயே முடிந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அடுத்த முறை அந்த 112ஆம் பக்கத்தை நகலெடுத்துப் போய் அவர் மேசையில் வைத்தேன். பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தில் இப்படி ஒன்றைத் தவறவிட்டதில்லை, இந்த மூன்று மாதத்தில் இது நான்காவது என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்த வாக்கியத்தைப் படித்தார். அன்றே நினைவையும் கவனத்தையும் அளக்கும் மோகா என்ற முப்பது மதிப்பெண் சோதனைக்கு அனுப்பினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். 93, 86 என்று சொன்னேன். அதற்கு மேல் எதிலிருந்து கழிக்கிறேன் என்பதே போய்விட்டது. ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள், இரண்டுதான் வந்தது. 26 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாக இயல்பு என்பார்கள். எனக்கு 22. வாசலுக்கு வந்து அழுதேன். ஆனால் அந்த எண் கைக்கு வந்த பிறகு யாரும் என்னிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு மூன்று சேர்ந்திருந்தன. நோய் உள்ளே கனன்றுகொண்டிருந்தது: இரத்தத்தில் சி3, சி4 என்ற எதிர்ப்புப் புரதங்கள் இரண்டும் குறைவு, சொந்த டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் புரதம்) அதிகம். வைட்டமின் பி12 மிகவும் குறைவு (நாங்கள் சைவம்). அத்துடன் பல மாதங்களாக உட்கொண்ட பிரெட்னிசோலோன், அந்த ஸ்டீராய்டே தூக்கத்தையும் கவனத்தையும் கெடுக்கக்கூடியது. தைராய்டு சரியாக இருந்தது. எம்ஆர்ஐயில் ஒன்றும் இல்லை. எம்ஆர்ஐ சுத்தமாக இருப்பதால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது, அதை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி பரிசோதனையைக் கட்டாயம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அது இருந்தால் இரத்தம் உறைந்து சிறு பக்கவாதங்கள் வரலாம். அந்தச் சேதம் பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது.

"லூபஸ் மூட்டு நோய்தானே, மூளைக்கு எப்படிப் போகும்?" என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி (மூட்டு, தசை நோய் மருத்துவர்களின் அமைப்பு) 1999இலேயே லூபஸில் வரும் நரம்பு, மனம் சார்ந்த 19 நிலைகளை வரையறுத்தது. சிந்தனைத் திறன் குறைவது அதில் ஒன்று. 2001இல் நியூயார்க்கில் பெட்டி டயமண்ட் குழுவினர், டிஎன்ஏவைத் தாக்கும் ஆன்டிபாடிகளில் ஒரு பகுதி மூளை செல்களில் நினைவுக்கு உதவும் என்எம்டிஏ ஏற்பிகளிலும் ஒட்டிக்கொள்கிறது என்று காட்டினார்கள். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு பழுதானால் அவை உள்ளே போகலாம். ஒவ்வொருவருக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தியோபிரின் என்ற மருந்தைச் சேர்த்து, ஸ்டீராய்டை மெல்ல மெல்ல இறக்கினார்கள். பி12 ஊசி போட்டார்கள். 2019இல் மறுபடி அதே சோதனை, 27 வந்தது. பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் ஏறும், இறங்கும். அல்சைமரைப் போல ஒரே திசையில் போய்க்கொண்டிருப்பதில்லை. எனக்கும் அப்படித்தான். முழுதாகத் திரும்பியது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும். 2020 மார்ச்சில், லூபஸுக்கு நான் போடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவைத் தடுக்கும் என்று பேச்சு கிளம்பியதும், பத்து நாளில் எங்கள் தெரு மருந்துக்கடையில் என் மாத்திரை இல்லாமல் போனது. ஒரு காய்ச்சலும் இல்லாத வீடுகளில் அட்டை அட்டையாக வாங்கி அடுக்கிவிட்டார்கள். மார்ச் 25 அன்று ஏற்றுமதியைத் தடை செய்தார்கள், ஆனாலும் என் தெருவுக்கு மாத்திரை வரவில்லை. ஊரடங்கில் என் தம்பி ஏழு கடை ஏறி இறங்கினான். ஏப்ரல் முழுவதும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மாத்திரை என்று போட்டுக்கொண்டேன். ஜூன் மாதம் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று அறிவித்தது. அதற்குள் எனக்கு மூட்டு வீங்கி, விரல் மடங்காமல் போயிருந்தது. வாங்கிக் குவித்தவர்களில் ஒருவர் எங்கள் மாடி வீட்டுக்காரர். பிரிக்காத அட்டைகளைக் காலாவதியான பிறகு குப்பையில் போட்டார். அதை நான் பார்த்தேன். இன்றும் அவரோடு சரியாகப் பேச வரவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. வலிப்பு, திடீர்க் குழப்பம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். செலவுதான் தடை என்றால், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித்துறையே இருக்கிறது.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். நான் என் தம்பியிடம் சொன்னேன். அலுவலகத்தில் சொல்லலாமா என்பதற்கு என்னால் துணிந்து ஆமாம் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன், மாதச் சம்பளத்திலிருந்து பக்கக் கூலிக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது காலை பத்து மணிக்குள் மெய்ப்பு வேலையை முடித்துவிடுகிறேன். வரிக்கு அடியில் அடிக்கோல், நீண்ட வாக்கியம் வந்தால் எழுவாயின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி. உங்கள் சந்திப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும். இன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: என்ன தேதி, என்ன வேலை, எந்த இடத்தில் நழுவியது. "மறதி" என்று மட்டும் எழுதாதீர்கள். உள்ளே போனதும் வாயால் சொல்லத் தொடங்காமல், அந்த நோட்டை அவர் முன் வைத்துவிடுங்கள்.